பேட் வந்தாச்சு

எனக்குக் குரல் கட்டை. பத்தாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான். போனை எடுத்து "ஹலோ" என்றால் எதிர்முனையில் "சொல்லுங்க சார்" என்பார்கள். உயரமும் கொஞ்சம் அதிகம். இருபது வயதில் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டேன், அப்புறம் வளர்க்கத் தோன்றவே இல்லை. சட்டை, பேன்ட், இடது கையில் அப்பாவின் பழைய கடிகாரம். நான் பெண். அதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. சந்தேகமெல்லாம் பார்க்கிறவர்களுக்குத்தான்.

"சார்" என்று அழைத்தால் எனக்கு வலிக்காது. அழைத்தவர் திருத்திக்கொள்வார், நானும் பரவாயில்லை என்பேன், வேலை நடக்கும். வலித்தது ஒரே ஒரு தடவை. சில வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தில் வரிசையில் நின்றிருந்தேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம், குரலைத் தாழ்த்தாமலே, "அது ஆம்பளையா பொம்பளையா?" என்று கேட்டார். எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆம்பளையா பொம்பளையா என்ற பகுதி பழகிப்போனதுதான். தைத்தது முதல் சொல். அது.

2020 ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்தபோது 'வொர்க் இன் பிராக்ரஸ்' என்ற அமெரிக்கத் தொடரைப் பார்த்தேன். ஷோடைம் சேனலில் 2019 டிசம்பரில் தொடங்கி, இரண்டே பருவங்களோடு 2021இல் நின்றுபோனது. சிகாகோவில் வாழும் நாற்பத்தைந்து வயதுப் பெண் ஆபி. அந்தப் பாத்திரத்தை எழுதி நடித்தவர் ஆபி மெக்கெனனி, பாதிக்குமேல் தன் கதையையே எழுதியிருக்கிறார். பருத்த உடம்பு, குட்டை முடி, கண்ணாடி, பெண்களைக் காதலிக்கும் பெண், கடும் மனச்சோர்வு. மேஜையில் 180 பாதாம் பருப்புகளை அடுக்கி வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒன்றாகத் தூக்கிப் போடுகிறார். எல்லாம் தீர்வதற்குள் வாழ்க்கை மாறவில்லையென்றால் இதை முடித்துக்கொள்வேன் என்பது அவர் கணக்கு. அந்த ஆபி ஒருநாள் உணவகத்தில் உட்கார்ந்திருக்கும்போது, சற்றுத் தள்ளி ஒரு நடிகையைப் பார்த்துவிடுகிறார். ஜூலியா ஸ்வீனி. 'என் வாழ்க்கையைக் கெடுத்தவள்' என்கிறார் ஆபி.

ஸ்வீனி செய்த குற்றம், பேட் என்றொரு பாத்திரத்தை உண்டாக்கியது. தொலைக்காட்சியில் அது வந்த நாள் முதல் ஆபியைத் தெருவில் பார்க்கிறவர்களெல்லாம் பேட் என்று கூப்பிட்டார்கள். நான் தொடரை அங்கேயே நிறுத்தி வைத்துவிட்டு, யார் இந்த பேட் என்று தேடப் போனேன்.

நியூயார்க்கிலிருந்து சனிக்கிழமை இரவுகளில் நேரலையாக வரும் 'சாட்டர்டே நைட் லைவ்' நகைச்சுவை நிகழ்ச்சியை 1975இல் தொடங்கியவர் லார்ன் மைக்கேல்ஸ் என்ற கனடாக்காரர். அதில் ஜூலியா ஸ்வீனி 1990இல் சேர்ந்தார். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே பேட் வந்தாச்சு. (வந்தான், வந்தாள், வந்தார் எல்லாம் இருக்க, ஏன் 'வந்தாச்சு' என்று எழுதுகிறேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.) சுருண்ட கறுப்பு முடி, கறுப்பு பிரேம் போட்ட கண்ணாடி, கௌபாய் பாணியில் தைத்த வெளிர்நீலச் சட்டை, காக்கி நிறக் கால்சட்டை, உருண்டு திரண்ட உடம்பு, மூக்கால் பேசும் குரல். பேட் என்பது பேட்ரிக்காகவும் இருக்கலாம், பேட்ரிஷியாவாகவும் இருக்கலாம். ஸ்கெட்ச் எனப்படும் இந்தக் குட்டி நகைச்சுவை நாடகம் முழுக்க நடப்பது ஒன்றே ஒன்று. சுற்றியிருக்கிறவர்கள் இவர் ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்கப் பார்ப்பார்கள், வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். சுற்றி வளைத்து ஏதாவது கேட்பார்கள், பேட் வெள்ளந்தியாகப் பதில் சொல்வார், அந்தப் பதில் எந்தப் பக்கமும் சாயாது. துணை யார் என்று விசாரித்தால் பெயர் கிறிஸ். கிறிஸ்டோபரா, கிறிஸ்டினா? கிறிஸ் நேரில் வந்து நின்றாலும் தெரியாது, அவரும் பேட் மாதிரியே. நடிகர் ஹார்வி கைட்டலோடு ஆளில்லாத தீவில் பேட் மாட்டிக்கொள்ளும் ஸ்கெட்ச் 1993இல் வந்தது. சுற்றிலும் கடல், பார்க்க ஒரு ஆள் கிடையாது. அங்கேயும் அந்தக் கேள்வி விடவில்லை.

பேட் பிறந்த விதம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஸ்வீனி நடிப்புக்கு முழுதாக வருமுன் லாஸ் ஏஞ்சலஸில், கொலம்பியா பிக்சர்ஸின் கணக்குப் பிரிவில் சில வருடங்கள் வேலை பார்த்தார். அங்கே கூட வேலை செய்த ஒருவரின் சேஷ்டைகளை நடித்துக் காட்டிப் பழகினார். அந்த ஒருவர் ஆண். நண்பர்கள் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் ஆண் மாதிரித் தெரியவில்லையே என்றார்கள். சரி, தெரியாமல் போவதையே நகைச்சுவையாக வைத்துக்கொண்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. தன் உடம்பால் ஓர் ஆணை முழுதாகக் காட்ட முடியாத ஒரு பெண் அந்த இடைவெளியிலேயே நின்று கண்டுபிடித்த பாத்திரம் பேட். கேலி செய்வதற்கென்று யோசித்துப் பிடித்ததல்ல.

நான் அந்த ஸ்கெட்சுகளைப் பயந்துகொண்டேதான் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்தால், பேட் எந்த இடத்திலும் சங்கடப்படுவதே இல்லை! யாருக்கும் எதையும் மறைப்பதும் இல்லை, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறார். தன்மேல் அன்பாக இருக்கும் துணை இருக்கிறார், போக வேலை இருக்கிறது. நெளிவதெல்லாம் மற்றவர்கள்தான். வரிசையில் நின்ற அந்த நாளில் எனக்குத் தேவைப்பட்டது பேட்டிடம் இருந்த இந்த நிதானம்தான். இப்படி ஒரு ஆளை 1990இல் ஒரு பெரிய தொலைக்காட்சியில், நேரலையில், நடுமேடையில் நிறுத்தியிருக்கிறார்களே என்று முதல் பத்து நிமிடம் ஆச்சரியமாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் மற்றது உறைத்தது. பேட்டுக்கு வாயோரம் எச்சில் ஒழுகுகிறது. அடித்தொண்டையில் ஒரு முனகல். கிட்டே வந்தால் எதிரில் இருப்பவர் முகத்தைச் சுளிக்கிறார். ஆணா பெண்ணா என்று தெரியாமல் இருப்பதற்கும் எச்சில் ஒழுகுவதற்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துவிட்டால் பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒட்டிக்கொள்கிறது. கேள்வி கேட்டு நெளிகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய சிரிப்பு, திரும்பி பேட்டின்மேல் விழுகிறது.

தொடக்கப் பாட்டு இன்னும் மோசம். பலபேர் கேட்கிறார்கள், 'அது என்ன?' என்று ஆரம்பித்து, பேட் என்று பதில் சொல்கிறது. பாட்டு 'யார்' என்றுகூடக் கேட்கவில்லை. நம் இலக்கணத்தில் சொன்னால், ஸ்கெட்ச் தொடங்குவதற்கு முன்பே பேட்டை உயர்திணையிலிருந்து இறக்கிவிட்டார்கள். அந்த இடத்தில் நான் கணினியை மூடி வைத்துவிட்டேன். கவுண்டருக்குப் பின்னால் கேட்ட அதே சொல், மெட்டுப் போட்டு வந்திருந்தது.

'டிரான்ஸ்பேரன்ட்' தொடரை உருவாக்கிய ஜோயி சோலவே, பேட் திருநர்களுக்கு எதிரான பிரச்சாரம் என்று கடுமையாகச் சொன்னார். எனக்கு அவ்வளவு தூரம் போக மனம் வரவில்லை. ஸ்வீனி அந்த நோக்கத்தோடு எழுதவில்லை. ஆனால் ஆபி மாதிரிப் பெண்களைத் தெருவில் பேட் என்று கூப்பிட்டவர்களுக்கு எழுதியவரின் நோக்கம் எதற்கு? அவர்கள் கையில் ஒரு சொல் கிடைத்தது, பயன்படுத்தினார்கள்.

வேறு மாதிரிச் செய்திருக்கவே முடியாதா? காலம் அப்படி என்று சொல்வார்கள். முடிந்திருக்கும். அதே லார்ன் மைக்கேல்ஸ், அதே வருடங்களில், கனடாவில் 'த கிட்ஸ் இன் த ஹால்' என்ற நிகழ்ச்சியைத் தயாரித்துக்கொண்டிருந்தார். 1989 முதல் 1995 வரை வந்தது. ஐந்து ஆண்கள் குழு. டேவ் ஃபோலி, ஸ்காட் தாம்சன், புரூஸ் மெக்கலக், கெவின் மெக்டொனால்ட், மார்க் மெக்கின்னி. குழுவில் பெண்கள் இல்லாததால் பெண் வேடங்களையும் அவர்களே கட்டினார்கள். இங்கிலாந்தில் மான்டி பைத்தன் குழுவும் அதற்கு இருபது வருடம் முன்னால் இதைச் செய்ததுதான், ஆனால் அங்கே ஆண்கள் கட்டிய பெண்கள் பெரும்பாலும் கீச்சுக் குரலில் கத்தும் கிழவிகள். வேஷமே சிரிப்பு. கனடாக்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. மெக்கலக்கும் தாம்சனும் கேத்தி, கேத்தி என்று ஒரே பெயர் கொண்ட இரண்டு அலுவலகச் செயலர்களாக வருவார்கள். ஆளுக்கொரு கவலை, வேலையிட வம்பு, மதியச் சாப்பாட்டுப் பேச்சு. ஐந்து நிமிடம் பார்த்ததும் ஆண் கட்டிய வேஷம் என்பது மறந்துபோகும். நாம் சிரிப்பது அந்தப் பெண்கள் சொல்வதற்கு.

எங்கள் ஊர்ப்பக்கம் கூத்து பார்த்தவர்களுக்கு இது புரியும். திரௌபதி வேஷம் கட்டியவர் ஆண் என்று ஊருக்கே தெரியும். அவர் கூந்தலை விரித்துப் போட்டுச் சபதம் செய்யும்போது யாரும் சிரிப்பதில்லை. கையெடுத்துக் கும்பிடுகிறார்கள்.

இதில் எனக்குப் பெரிய வருத்தம் தருவது டேவ் ஃபோலி. அந்த ஐவரில் பெண் வேஷம் மிக அழகாகப் பொருந்தியவர் அவர்தான். பேட்டை வைத்து எடுத்து 1994இல் வெளியான முழுநீளப் படத்தில் கிறிஸ்ஸாக நடிக்க அவரைத்தான் கூப்பிட்டார்கள். சரியான ஆளைத்தான் பிடித்திருந்தார்கள். ஆனால் படம் பேட்டையும் கிறிஸ்ஸையும் விட்டுவிட்டு, பேட் ஆணா பெண்ணா என்று பைத்தியமாகித் திரியும் பக்கத்து வீட்டுக்காரன் கைல் பின்னால் போகிறது. அவன் பேட்டின் நாட்குறிப்பு இருக்கும் மடிக்கணினியைத் திருடுகிறான். கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்க அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் தட்டுகிறான். நன்றாக எழுதியிருந்தால் இது எவ்வளவு நல்ல காட்சி! அடுத்தவர் உடம்பைத் தெரிந்துகொள்ள ஒரு மொழியின் மொத்தச் சொற்களையும் செலவழிக்கிறான். படத்துக்கு அது புரியவே இல்லை. பேட்டையும் சகிக்க முடியாத ஆளாகக் காட்டிக்கொண்டே போனது. சில ஊர்களில் மட்டும் வெளியாகி, ஏறத்தாழ 60,000 டாலர் வசூலோடு திரையரங்குகளை விட்டுப் போனது. பேட்டின் தொலைக்காட்சி வாழ்க்கையும் அந்த வருடத்தோடு முடிந்தது.

இதெல்லாம் என் மனதில் ஓரமாகக் கிடந்தது. போன மாதம் கோவையில் ஒரு கல்லூரியில் நாடகம் சொல்லித்தரும் தோழி போன் பண்ணினாள். "பிள்ளைங்க ஆண்டு விழாவுக்கு பேட் மாதிரி ஒண்ணு போடணும்னு கேக்கறாங்க. நீ தமிழ்ல எழுதிக் குடேன். யாரையும் நோகடிக்காம எழுத உன்னாலதான் முடியும்." அவளுக்கு அந்த வரிசைக் கதை தெரியும். ஒத்துக்கொண்டேன்.

பேட்டுக்கு ஜோதி என்று பெயர் வைத்தேன். எங்கள் தெருவிலேயே ஒரு ஜோதி அண்ணன் உண்டு, ஒரு ஜோதி அக்காவும் உண்டு. துணைக்கு மணி. ஒரு அலுவலகம், ஜோதி புதிதாகச் சேர்ந்திருக்கிறார், சக ஊழியர்கள் பேசிக்கொள்கிறார்கள். முதல் பக்கம் எழுதி முடித்தேன். நகைச்சுவையே இல்லை.

ஏனென்றால் அவர்கள் "அவங்க வந்துட்டாங்களா?" என்று பேசிக்கொண்டார்கள். "அவங்க நல்லா வேலை பாக்கறாங்க." முடிந்தது. ஆங்கிலத்தில் பேட்டைப் பற்றி மூன்றாவது மனிதரிடம் ஒரு வாக்கியம் பேசவே ஆணா பெண்ணா என்று தெரிந்தாக வேண்டும். அந்தச் சிக்கல்தான் ஸ்கெட்சின் எரிபொருள். தமிழில் அவர், அவங்க என்று மரியாதை கொடுத்துவிட்டால் பால் கேள்வியே எழுவதில்லை. 'ஒருவர்' என்ற சொல் ஆண், பெண் இருபாலுக்கும் உரியது என்று தொல்காப்பியமே சொல்லி வைத்திருக்கிறது. 'அவர்' முதலில் பலரைக் குறித்த சொல். பிறகு மரியாதைக்காக ஒருவருக்கும் வந்தது. பலரைக் குறிக்கும் 'தே' என்ற ஆங்கிலச் சொல்லை, ஆண் பெண் என்ற இரண்டிலும் அடங்காத ஒருவருக்கும் வழங்கலாம் என்று மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2019இல் சேர்த்தது. டிசம்பரில் அந்த வருடத்தின் சொல்லாகவும் அதையே தேர்ந்தெடுத்தது. ஆபியின் தொடர் ஒளிபரப்பானதும் அதே டிசம்பரில்தான். அவர்கள் இவ்வளவு சுற்றி வந்து சேர்ந்த இடத்தில் நாம் எப்போதோ உட்கார்ந்திருக்கிறோம்.

ஆனால் அதைச் சொல்லிப் பெருமைப்பட எனக்கு வாய் வரவில்லை. காரணம், நம் மொழியில் இந்த வசதி மரியாதையோடு மட்டும்தான் வருகிறது. 'ங்க'வை எடுத்துவிட்டால் அடுத்த நொடியே அவனா அவளா என்று முடிவு செய்தாக வேண்டும். முடிவு செய்ய முடியாதவர்களுக்கு நாம் வைத்திருப்பது 'அது'. வீட்டில் குழந்தையை "அது தூங்குது" என்று சொன்னால் அதில் கொஞ்சல் இருக்கிறது. வரிசையில் நிற்கும் என்னைச் சொன்னால் அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

நாம் தப்பிக்கத் தெரிந்தவர்கள் வேறு. புது மருமகளிடம் நீ என்பதா நீங்கள் என்பதா என்று தயங்கும்போது "சாப்பிட்டாச்சா?" என்கிறோம். நேற்றுவரை கூட வேலை பார்த்தவர் இன்று மேலதிகாரி ஆனால் "கையெழுத்துப் போட்டாச்சா?" என்கிறோம். வந்தாச்சு, போயாச்சு, சொல்லியாச்சு. யார் வந்தது என்று காட்டாமலே வந்ததைச் சொல்லிவிடும் வினை. ஆங்கிலக்காரர் பால் தெரியாமல் திக்குகிற மாதிரி நாம் மரியாதை அளவு தெரியாமல் திக்குகிறோம்.

அதனால் என் நாடகத்தில் சிரிப்பு வர வேண்டுமென்றால், ஜோதிக்கு மரியாதை கொடுக்க மனம் இல்லாத ஒருவர் தேவைப்பட்டார். ஒருமையில் கூப்பிட நாக்கு துறுதுறுக்க வேண்டும், கூப்பிட முடியாமல் தவிக்க வேண்டும். அப்படி ஒரு மேலாளரை எழுதினேன். எல்லாரையும் வாடா, போடி என்றே பேசிப் பழகியவர். ஜோதி முன்னால் வந்தால் மட்டும் "ஜோதி... அந்த ஃபைல்... வந்து... எடுத்தாச்சா?" நாலு வார்த்தைக்குள் வியர்த்துவிடுகிறது. சிரிப்பு யார்மேல் விழ வேண்டுமோ அவர்மேல் விழுகிறது. ஜோதிக்கு எச்சில் ஒழுகவில்லை, விகாரக் குரல் இல்லை, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு கணக்குப் பார்க்கிறார். பேட்டையும் இப்படி எழுதியிருக்கலாமே என்று அந்த இரவு முழுக்கத் தோன்றிக்கொண்டிருந்தது.

ஆபியின் தொடரை மறுபடி எடுத்து முடித்ததும் இதற்கு இடையில்தான். ஸ்வீனி அதில் தன் சொந்தப் பெயரிலேயே நடிக்கிறார். பேட் தனக்கு என்ன செய்தது என்று ஆபி நேருக்கு நேர் சொல்கிறார், ஸ்வீனி உட்கார்ந்து கேட்கிறார். முப்பது வருடத்துக்கு முன் கைதட்டு வாங்கித் தந்த பாத்திரத்தைப் பற்றி, அதனால் அடிபட்டவர் எழுதிய வசனத்துக்கு எதிரில் உட்கார எத்தனை பேர் ஒத்துக்கொள்வார்கள்? அந்தத் தொடரில் ஆபியின் காதலரின் பெயர் கிறிஸ். அவர் ஒரு திருநம்பி, ஆபியைவிட மிகவும் இளையவர். பெயர் காதில் விழுந்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. பேட்டிடம் இருந்து யாரும் பிடுங்காத ஒன்று கிறிஸ்தான். 2022இல் அதே 'சாட்டர்டே நைட் லைவ்' மேடையில் மாலி கியர்னி நடிகராகச் சேர்ந்தார். தன்னை ஆண் என்றோ பெண் என்றோ சொல்லிக்கொள்ளாத ஒருவர் அந்தக் குழுவில் இடம்பிடித்தது அதுதான் முதல் தடவை.

நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் கடைசியாக வந்து சேர்ந்தவர். டீ கொண்டுவருகிறவர். அலுவலகமே மூளையைக் குழப்பிக்கொண்டிருக்கும்போது அவர் தட்டோடு உள்ளே வந்து, "ஜோதிங்க, சர்க்கரை போடலாங்களா?" என்று கேட்டுவிட்டு, பதில் வாங்கிக்கொண்டு போய்விடுவார். மூன்று காட்சியிலும் அதே வசனம். ஒத்திகையில் அந்தப் பையன் மூன்றாவது தடவை கேட்டபோது, பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் எனக்குக் கண் கலங்கியது. அவருக்குத் தெரிய வேண்டியது சர்க்கரை மட்டும்தான்.

அவரை நான் கற்பனையில் பிடிக்கவில்லை. எங்கள் உழவர் சந்தையில் நான் வழக்கமாகக் காய் வாங்கும் பாட்டி ஒருவர் இருக்கிறார். முதல் தடவை போனபோது என்னைப் பார்த்து "வா தம்பி" என்றார். நான் கத்தரிக்காய் விலை கேட்டேன். தலையை நிமிர்த்தி, கண்ணைச் சுருக்கி, முகத்தையும் சட்டையையும் ஒரு முறை பார்த்தார். அடுத்தது "அம்மிணி" வருமா, மறுபடி "தம்பி"யா என்று நான் காத்திருந்தேன். பாட்டி தராசில் காயைப் போட்டு, மேலே கைப்பிடி கறிவேப்பிலையும் வைத்து என் பக்கம் நீட்டினார்.

"அரைக் கிலோ போதுமா சாமி?"